தழும்பில் பதிந்த கரு: ஊசி போதுமா, லேப்ராஸ்கோப்பி வேண்டுமா?

வாசகர் கேள்வி
3 ஜூன் 2024, இரவு 9.40

என் தங்கைக்கு 27 வயது. முதல் குழந்தை சிசேரியனில் பிறந்து 11 மாதங்கள் ஆகின்றன. இன்னும் தாய்ப்பால் கொடுக்கிறாள், மாதவிலக்கும் ஒழுங்குக்கு வரவில்லை, அதனால் கரு உண்டானது தாமதமாகத்தான் தெரிந்தது. நேற்று எடுத்த ஸ்கேனில் 6 வாரக் கரு பழைய சிசேரியன் தழும்பில் பதிந்திருக்கிறது, இதயத்துடிப்பு இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் ஊசி போட்டால் கரைந்துவிடும் என்கிறார். இன்னொருவர் லேப்ராஸ்கோப்பி செய்ய வேண்டும் என்கிறார். துடிப்பு இருக்கும் கருவை ஏன் கலைக்க வேண்டும், பத்து நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார் அவளுடைய மாமியார். ஊசியே போதும் என்றால் வயிற்றில் ஏன் துளை போட வேண்டும்? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.


3 ஜூன், இரவு 11.15

பத்து நாள் பொறுக்க வேண்டாம். காரணத்தை நாளை எழுதுகிறேன். நான் ஒரு மாவட்டத் தலைநகரில் மகப்பேறு ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். இத்தகைய கருக்களைத் தொடக்கத்திலேயே கண்டு அனுப்பியும் இருக்கிறேன், ரத்தம் ஏற்றிக்கொண்டே ஸ்கேன் அறைக்குத் தள்ளிவரப்பட்ட பெண்களிடமும் பார்த்திருக்கிறேன்.

தங்கையின் ரத்த வகையைக் கேட்டு எழுதி வையுங்கள். ரத்தப்போக்கு தொடங்கினால் தெருமுனை மருத்துவமனைக்குப் போகாமல், இரவிலும் ரத்த வங்கியும் மயக்க மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்லுங்கள். மருந்துக் கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கித் தர யாரையும் அனுமதிக்காதீர்கள். "டி அண்ட் சி செய்து, கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிவிடலாம்" என்று யாராவது சொன்னால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்வீர்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.


4 ஜூன், காலை 7.30

சிசேரியனில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில், சிறுநீர்ப்பைக்குப் பின்னால் இருக்கும் முன்சுவரைத் திறந்து குழந்தையை எடுத்துத் தைக்கிறோம். பெரும்பாலோருக்கு அந்த இடம் நன்றாகவே ஆறிவிடுகிறது. சிலருக்குத் தையல் விழுந்த கோட்டில் உட்புறமாக ஒரு குழிவு உண்டாகிறது. அடுத்த கரு அந்தக் குழிவுக்குள் இறங்கிப் பதிந்தால் அதைத் தாங்க வேண்டிய மெத்தென்ற உள்வரிச் சவ்வு அங்கே இருப்பதில்லை, நஞ்சுக்கொடியாக வளரவேண்டிய திசு நேராகத் தழும்பின் நாருக்குள் ஊடுருவுகிறது. கர்ப்பப்பையின் மேற்பகுதியில் பதிந்த கரு கலைந்தால் தசை சுருங்கி ரத்தக்குழாய்களை நெரித்து ரத்தப்போக்கை நிறுத்திவிடும். தழும்பில் அப்படிச் சுருங்குவதற்குப் போதிய தசை இல்லை. ஆபத்தின் வேர் இதுதான், சிகிச்சை முறைகள் எல்லாம் இந்த ஒரு குறையை எப்படிச் சமாளிப்பது என்பதில்தான் வேறுபடுகின்றன.

மருத்துவ இதழில் இது முதன்முதலில் பதிவானது 1978-ஆம் ஆண்டு, தென்னாப்பிரிக்காவில், லார்சன், சாலமன் என்ற இருவரால். அதன்பின் நெடுங்காலம் இது மிக அரிதாகவே பேசப்பட்டது. சிசேரியன் பெருகியதும் பெண்ணுறுப்பின் வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன் பரவியதும் சேர்ந்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. ஏறத்தாழ 1,800 முதல் 2,200 கர்ப்பங்களுக்கு ஒன்று என்பது வெளிநாட்டு மருத்துவமனைகளின் பழைய கணக்கு. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 சுற்றில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு சிசேரியன், தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 விழுக்காடு. இந்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இங்கே நாம் இதை மேலும் அடிக்கடி எதிர்பார்க்க வேண்டும். பல சிசேரியன்களுக்குப் பிறகுதான் இது வரும் என்ற எண்ணமும் பொருந்தாது. தொகுத்துப் பார்க்கப்பட்ட நேர்வுகளில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு அதற்கு முன் ஒரே ஒரு சிசேரியன்தான் நடந்திருந்தது.

ஸ்கேன் அறிக்கையில் இரண்டு செய்திகளைத் தேடுங்கள். கரு தழும்பில் தொடங்கிக் கர்ப்பப்பையின் உள்வெளியை நோக்கி வளர்கிறதா, சுவருக்குள் புதைந்து சிறுநீர்ப்பைப் பக்கம் பிதுங்குகிறதா என்பது ஒன்று. கருவுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே மிஞ்சியிருக்கும் தசையின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்பது இன்னொன்று. இவை எழுதப்படாத அறிக்கையைக் கொண்டு ஊசி, லேப்ராஸ்கோப்பி என்று எவராலும் முடிவு சொல்ல இயலாது. தேவையானால் மறுபடி ஸ்கேன் எடுத்துக் கேளுங்கள்.


4 ஜூன், இரவு 10.05

இனி உங்கள் நேரடிக் கேள்விக்கு வருகிறேன்.

கையிலோ இடுப்பிலோ போடும் ஊசி மெத்தோட்ரெக்ஸேட். வேகமாகப் பெருகும் செல்களுக்குத் தேவையான ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்து அவற்றின் வளர்ச்சியை நிறுத்துகிறது. கருக்குழாயில் தங்கிய கருவுக்கு, தொடக்க நிலையில், அது நல்ல மருந்து. அந்த அனுபவத்திலிருந்துதான் தழும்புக் கருவுக்கும் அதே ஊசி என்ற எண்ணம் பரவியது. தழும்பு நாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, மருந்து அங்கே போய்ச் சேர்வதே தாமதம். இதயத்துடிப்பு வந்துவிட்ட கருவில் பீட்டா எச்.சி.ஜி. என்னும் கர்ப்ப ஹார்மோனின் அளவு ரத்தத்தில் பல்லாயிரங்களில் இருக்கும். ஊசி போட்ட பின்னும் சில நாட்கள் துடிப்பு தொடர்ந்து கரு வளர்ந்துகொண்டே போனதை நானே அடுத்தடுத்த ஸ்கேன்களில் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில்தான் ரத்தப்போக்கு திடீரென்று வருகிறது, பெரும்பாலும் இரவில், வீட்டில்.

துளை இல்லை, மயக்க மருந்து இல்லை, படுக்கை இல்லை என்பதால் ஊசியே உடலுக்கு மிக இலகுவான வழி என்று தோன்றுகிறது. தோலில் விழும் காயத்தை வைத்து இந்த நோயின் சிகிச்சையை அளந்தால் இப்படித்தான் தோன்றும். கர்ப்பப்பைக்கும் உயிருக்கும் எது குறைந்த ஆபத்து என்று அளந்தால் வரிசை மாறிவிடுகிறது. டிமோர்-டிரிட்ஷ், மான்டியாகுடோ என்ற இரு மருத்துவர்களும் 2012-இல் அதுவரை வெளியான 751 நேர்வுகளைத் தொகுத்தபோது, உடல் முழுவதும் பரவும் ஊசி மட்டும் பெற்றவர்களில் ஏறக்குறைய 62 விழுக்காட்டினருக்குச் சிக்கல் ஏற்பட்டிருந்தது. சுரண்டி எடுக்கும் டி அண்ட் சி-க்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஸ்கேன் பார்த்துக்கொண்டே கருவுறைக்குள் நேராக மருந்தைச் செலுத்தியவர்களில் அது 10 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. தனித்தனி மருத்துவமனைகளின் சிறு பதிவுகளைக் கூட்டி எடுத்த கணக்கு இது, நன்றாக முடிந்தவற்றையே எழுதி அனுப்பும் வழக்கமும் அதற்குள் இருக்கும். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளி பெரியது.

அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவ வல்லுநர் சங்கம் 2020-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த பரிந்துரையும், உடலில் பரவும் மெத்தோட்ரெக்ஸேட்டை மட்டும் நம்புவதை வேண்டாம் என்றே சொல்கிறது.


5 ஜூன், காலை 6.50

தாய்ப்பாலைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. மெத்தோட்ரெக்ஸேட் போட்டால் குழந்தைக்குப் பால் கொடுப்பதை நிறுத்தச் சொல்வோம். கருவுறைக்குள் செலுத்தினாலும் ஒரு பகுதி ரத்தத்தில் கலக்கும் என்பதால் அப்போதும் இது பொருந்தும். 11 மாதக் குழந்தைக்குத் திடீரென்று பாலை நிறுத்துவது தாய்க்கும் குழந்தைக்கும் எளிதல்ல. சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் ஒரு கணக்காக மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பலர் கேட்பதே இல்லை. கரு உறுதியானதும் தொடங்கிய ஃபோலிக் அமில மாத்திரை வீட்டில் இருந்தால், அந்த ஊசி போடும் நிலையில் அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் மருந்துக்கு எதிராக நாமே வேலை செய்வதாகும். அடுத்த கர்ப்பத்துக்கு அதன்பின் மூன்று மாத இடைவெளியாவது வேண்டும்.


5 ஜூன், இரவு 11.30

ஊசி, லேப்ராஸ்கோப்பி இரண்டையும் சொன்னவர்கள் நடுவில் இருக்கும் வழியை உங்களிடம் சொல்லவில்லை. அது ஸ்கேன் பார்த்துக்கொண்டே உறிஞ்சி எடுப்பது.

ஒரு மருத்துவர் வயிற்றின்மேல் ஸ்கேன் கருவியைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் மெல்லிய நெகிழிக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாகச் செலுத்தி, கருவுறை இருக்கும் இடத்தைத் திரையில் பார்த்தபடியே உறிஞ்சி எடுக்கிறார். கூர்மையான கரண்டியால் சுரண்டுவதில்லை. சுரண்டினால் மெலிந்த சுவர் கிழிந்துவிடலாம், ஊடுருவிய திசுவும் முழுதாக வராது. எடுத்தபின் ரத்தம் வந்தால் சிறுநீர் வடிக்கப் பயன்படும் ஃபோலி குழாயின் பலூனைத் தழும்பின் இடத்தில் நிறுத்தி நீரேற்றி அழுத்தி, ஒரு நாள் அளவுக்கு வைத்திருந்து பிறகு எடுக்கிறார்கள்.

லண்டனில் யுர்கோவிச் குழுவினர் இதற்கு வேறொரு பாதுகாப்பைச் சேர்த்தார்கள். உறிஞ்சுவதற்கு முன்பே கர்ப்பப்பை வாயைச் சுற்றி ஷிரோட்கர் தையலைப் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். ரத்தப்போக்கு நிற்காவிட்டால் அதை இறுக்கி முடிச்சிடுகிறார்கள். வெளியேற வழியில்லாத ரத்தம் உள்ளே தேங்கி, தானே அழுத்தமாகி, கசியும் குழாய்களை அடைக்கிறது. 2016-இல் அவர்கள் வெளியிட்ட பதிவில் அறுவை வழியைத் தேர்ந்த 191 பெண்களில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 9 பேர்தான். அந்தத் தையலுக்குப் பெயர் தந்தவர் பம்பாயில் பணியாற்றிய வி. என். ஷிரோட்கர். கர்ப்பம் நடுவில் கலைந்துபோவதைத் தடுக்க அவர் கண்ட முறையை 1955-இல் எழுதி வெளியிட்டது சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஆன்டிசெப்டிக்' இதழில். கருவைத் தக்கவைக்கக் கண்டுபிடித்த தையல் அரை நூற்றாண்டுக்குப் பிறகு இப்படியொரு கருவை எடுக்கும்போது தாயைக் காப்பாற்றப் பயன்படுகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரிடம் பெரும் மரியாதை உண்டாகிறது.

கரு உள்வெளியை நோக்கி வளர்ந்து, சுவர் 3 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்து, வாரம் 8-ஐத் தாண்டாமல் இருந்தால் இந்த வழி நல்ல வழி.


6 ஜூன், பகல் 1.20

"இவ்வளவு ஆபத்து என்றால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது பாதுகாப்பு அல்லவா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

அல்ல. 6 வாரத்தில் கண்டறியப்பட்ட, ரத்தப்போக்கு இல்லாத 27 வயதுப் பெண்ணுக்கு அது முதல் வழியே ஆகாது. ரத்தப்போக்கை வேறு எதனாலும் நிறுத்த முடியாத நேரத்தில், அல்லது கர்ப்பம் பல வாரம் முற்றி நஞ்சுக்கொடி சிறுநீர்ப்பை வரை ஊடுருவிய நேரத்தில், உயிரைக் காக்கச் செய்வது அது. அந்த நிலைக்கு வராமல் இருப்பதற்காகத்தான் இவ்வளவும் பேசுகிறோம்.


8 ஜூன், இரவு 10.40

லேப்ராஸ்கோப்பி. கரு சுவருக்குள் புதைந்து சிறுநீர்ப்பைப் பக்கம் பிதுங்கியிருந்தால், அல்லது மிஞ்சிய தசை 2 மில்லிமீட்டருக்கும் கீழே இருந்தால், உள்ளிருந்து உறிஞ்சுவது சுவரைத் துளைத்துவிடும் என்ற அச்சம் நியாயமானது. அப்போது வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் சென்று, பழைய அறுவையால் ஒட்டியிருக்கும் சிறுநீர்ப்பையைப் பொறுமையாகக் கீழே விலக்கி, கர்ப்பப்பைத் தசையில் வாசோபிரெசின் செலுத்தி ரத்தக்குழாய்களைச் சுருக்கி, தழும்பைத் திறந்து கருவை எடுக்கிறார்கள். பிறகு நைந்த தழும்பின் ஓரங்களை வெட்டிவிட்டு நல்ல தசையோடு நல்ல தசையைச் சேர்த்து இரண்டு அடுக்காகத் தைக்கிறார்கள். மற்ற வழிகள் கருவை மட்டும் எடுக்கின்றன, குழிவு அங்கேயே இருக்கும். இந்த வழி குழிவையும் சரிசெய்கிறது. இன்னொரு குழந்தை வேண்டும் என்பவருக்கு இது ஒரு வலுவான வாதம். சரிசெய்த தழும்பு அடுத்த கர்ப்பத்தில் எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதற்கு நீண்ட காலச் சான்றுகள் இன்னும் குறைவு, ஆகவே குழிவைச் சரிசெய்வதற்காக மட்டும் எல்லோரையும் லேப்ராஸ்கோப்பிக்கு அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன்.

இதே வேலையைப் பெண்ணுறுப்பின் வழியாகவும் செய்யலாம். கர்ப்பப்பை வாய்க்கு முன்னால் சிறு வெட்டு வைத்து, சிறுநீர்ப்பையை மேலே தள்ளி, தழும்பை நேரே அடைகிறார்கள். வயிற்றில் ஒரு துளையும் இல்லை. சீன மருத்துவமனைகள் இதை நிறையச் செய்கின்றன. 52 ஆய்வுகளில் 2,037 பெண்களைத் தொகுத்த 2016-ஆம் ஆண்டு மதிப்பாய்வு பரிந்துரைத்த ஐந்து முறைகளில் லேப்ராஸ்கோப்பியோடு இதுவும் இடம்பெற்றது. கர்ப்பப்பையைக் கீழ்வழியாக எடுப்பதில் கைதேர்ந்த மூத்த மருத்துவர்கள் நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். இளையவர்கள் கேமராவுக்குப் பழகிவிட்டதால் அந்தத் திறமை கைமாறாமல் போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு.

கர்ப்பப்பைக்குள் கேமரா செலுத்தும் ஹிஸ்டரோஸ்கோப்பி மூன்றாவது வழி. கரு உள்நோக்கி வளர்ந்து சுவர் தடித்திருந்தால், பதிந்த இடத்தைக் கண்ணால் பார்த்தே பிரித்தெடுக்கலாம், ரத்தக் கசிவையும் அங்கேயே சுட்டு நிறுத்தலாம்.


9 ஜூன், காலை 8.10

5-ஆம் தேதி எழுதிய 3 மில்லிமீட்டரையும் நேற்றைய 2 மில்லிமீட்டரையும் உறுதியான விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இன்று சொல்லத் தோன்றுகிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் சுவர் இழுபட்டு மெலிந்து தெரியும், காலியாக இருந்தால் எல்லையே தெளிவாகத் தெரியாது. ஒரே பெண்ணை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தால் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு வருவது வியப்பல்ல. அந்த எண்ணோடு கருவைச் சுற்றியுள்ள ரத்த ஓட்டம் டாப்ளரில் எவ்வளவு கொழுந்துவிட்டுத் தெரிகிறது, கரு எந்தப் பக்கம் நகர்கிறது, செய்யப்போகும் மருத்துவரின் கை எதில் பழகியது என்பவையும் சேர்ந்துதான் முடிவாக வேண்டும். இவற்றில் கடைசியானதற்கு நான் மிகுந்த எடை கொடுப்பேன். லேப்ராஸ்கோப்பியில் தேர்ந்தவரிடம் லேப்ராஸ்கோப்பியும், உறிஞ்சி எடுப்பதில் தேர்ந்தவரிடம் உறிஞ்சலும், ஏட்டில் சிறந்தது என்று எழுதிய முறையைப் பழக்கமில்லாதவர் செய்வதைவிடப் பாதுகாப்பானவை.

கருவுறைக்குள் நேராக ஊசி போடுவதைப் பற்றியும் இங்கே சேர்த்துவிடுகிறேன். உள்வழி ஸ்கேனின் துணையோடு நீண்ட ஊசியைச் செலுத்தி மெத்தோட்ரெக்ஸேட்டையோ பொட்டாசியம் குளோரைடையோ செலுத்தினால் துடிப்பு அங்கேயே நிற்கிறது, அது நின்றதைத் திரையில் பார்த்துவிட்டே வெளியே வரலாம். அறுவை இல்லை. எச்.சி.ஜி. அளவு பூஜ்யத்துக்கு இறங்க வாரங்கள் ஆகும், அந்த இடத்தில் ஒரு கட்டி மாதக்கணக்கில் தெரியலாம், நடுவில் ரத்தப்போக்கும் வரலாம். ஊருக்கு அருகில் பெரிய மருத்துவமனை இருந்து, வாரந்தோறும் வந்துபோக முடிகிற பெண்ணுக்கு நான் இதை மனமாரச் சொல்வேன். பேருந்து மாறி மாறி மூன்று மணி நேரம் பயணம் செய்து வருபவருக்குச் சொல்லத் தயங்குவேன்.


12 ஜூன், இரவு 9.55

மாமியாருடைய கேள்வியை நான் ஒரு வரியில் தள்ளிவிட்டது நியாயமாக இல்லை என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. துடிக்கும் கருவைப் பற்றி ஒரு மூத்த பெண் தயங்குவதை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வராது. ஸ்கேன் அறையில் அந்தத் துடிப்பைத் தாயிடம் காட்டியவளும் நான், இது தங்கக் கூடாத இடம் என்று சொல்ல வேண்டியவளும் நான்.

கரு தழும்பிலிருந்து மேலே நகர்ந்து நல்ல இடத்துக்குப் போய்விடாதா என்று கேட்கிறார்கள். வளர வளரக் கருவுறை மேல்நோக்கி விரிவது உண்மை. பதிந்த இடம் நகர்வதில்லை, நஞ்சுக்கொடி தழும்பிலேயே இருக்கிறது. இப்படித் தொடர்ந்த கர்ப்பங்களில் உயிரோடு குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. அவர்களில் பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடி தசைக்குள் ஒட்டிப் புதைந்து, பிரசவ மேசையிலேயே கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவந்தது. சிலருக்கு அதற்கு முன்பே கர்ப்பப்பை கிழிந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் ஒரு பெண் தொடர விரும்பினால், நஞ்சுக்கொடிச் சிக்கல்களைக் கையாளும் பெரிய மையத்தில் பதிவு செய்துகொண்டு 34 முதல் 36 வாரத்துக்குள் திட்டமிட்ட சிசேரியன் செய்யவேண்டும் என்பதே மேற்சொன்ன அமெரிக்கச் சங்கத்தின் பரிந்துரை. காத்திருந்து பார்ப்பதை அவர்களும் ஊக்குவிக்கவில்லை.

முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் தங்கை. 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவருடைய ஒப்புதல் ஒன்றே நம் நாட்டுச் சட்டப்படி போதும், கணவருடைய கையெழுத்தும் தேவையில்லை, மாமியாருடையதும் தேவையில்லை. ஆனாலும் அந்த அம்மாவையும் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, ஸ்கேன் திரையில் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் காட்டச் சொல்லுங்கள். பார்த்த பிறகு மனம் மாறிய மாமியார்களை நான் அறிவேன். சிகிச்சைக்குப் பின் குழந்தையையும் தாயையும் பார்த்துக்கொள்ளப் போவதும் பெரும்பாலும் அவர்கள்தாம்.


15 ஜூன், மாலை 5.30

எம்போலைசேஷன் பற்றிக் கேட்டவருக்கு. தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாக நுண்குழாயைச் செலுத்தி, கர்ப்பப்பைக்குப் போகும் இரு தமனிகளையும் ஜெலட்டின் துகள்களால் தற்காலிகமாக அடைத்துவிட்டு, ஓரிரு நாட்களுக்குள் உறிஞ்சி எடுக்கிறார்கள். 72 பெண்களை வைத்துச் சீனாவில் நடந்து 2009-இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மெத்தோட்ரெக்ஸேட் பெற்றவர்களைவிட இவர்களுக்கு ரத்த இழப்பு மிகக் குறைவாக இருந்தது. ஏற்கெனவே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு இது உயிர்காக்கும் முறை. ரத்தப்போக்கே இல்லாத தொடக்க நிலைக் கருவுக்கு எடுத்த எடுப்பில் செய்ய வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கருமுட்டைச் சேமிப்பு குறைவதும் கர்ப்பப்பை உட்சுவர் ஒட்டிக்கொள்வதும் பதிவாகியிருக்கின்றன. சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களுக்கு வெளியே இதைச் செய்யும் கதிரியக்க மருத்துவர் கிடைப்பது அரிது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீனாவின் சோங்கிங் நகரில் வளர்ந்த, ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவித்துச் சூடாக்கும் முறையையும் அங்கே பயன்படுத்துகிறார்கள். அதற்குப் பிறகும் உறிஞ்சி எடுத்தல் தேவைப்படுகிறது.

இரட்டைப் பலூன் குழாய் எனக்கு மிகவும் பிடித்த முறை. பிரசவத்துக்குக் கர்ப்பப்பை வாயைப் பதப்படுத்த வைத்திருக்கும் அதே குழாய்தான். மேல் பலூனைக் கர்ப்பப்பைக்குள் நங்கூரமாக நிறுத்தி, கீழ்ப் பலூனைக் கருவுறைக்கு நேராக மெதுவாக நிரப்பினால், அழுத்தத்தில் துடிப்பு நின்றுவிடுகிறது, கசிவும் அதே அழுத்தத்தில் அடங்குகிறது. எளிய கருவி, பொது மயக்க மருந்தும் தேவையில்லை. 8 வாரத்துக்குள் வந்தால்தான் இது நன்றாகப் பயன்படும்.


20 ஜூன், இரவு 10.20

கேள்வி கேட்ட சகோதரி தனிமடலில் எழுதியதை அவருடைய அனுமதியோடு பகிர்கிறேன். மறுபடி எடுத்த உள்வழி ஸ்கேனில் கரு உள்நோக்கி வளர்ந்திருந்தது, சுவர் 3.4 மில்லிமீட்டர். ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்த்து, ரத்தம் தயாராக வைத்துக்கொண்டு, ஸ்கேன் பார்த்தபடி உறிஞ்சி எடுத்து ஃபோலி பலூன் வைத்திருக்கிறார்கள். ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. மெத்தோட்ரெக்ஸேட் தேவைப்படாததால் குழந்தைக்குப் பால் கொடுப்பதும் தொடர்கிறது. மருத்துவமனையில் உடன் தங்கியவர் மாமியார்.

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. வேலை இத்தோடு முடியவில்லை என்பதையும் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். பீட்டா எச்.சி.ஜி. அளவை அது முற்றிலும் இறங்கும்வரை வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். இறங்காமல் ஓரிடத்தில் நின்றாலோ, ஓரிரு வாரங்களுக்குப் பிறகு புதிதாக ரத்தம் வந்தாலோ, டாப்ளரோடு ஸ்கேன் எடுக்க வேண்டும், ஏனெனில் மிஞ்சிய திசுவைச் சுற்றி ரத்தக்குழாய்கள் பின்னிக்கொள்வது உண்டு. ரத்த வகை நெகட்டிவ் என்றால் அடுத்த கருவை ரத்த வகை முரணிலிருந்து காக்கும் ஆன்டி-டி ஊசி போட்டிருக்கிறார்களா என்பதைக் கேட்டுவிடுங்கள். பால் கொடுத்தாலும் கரு உண்டாகும் என்பது இப்போது அந்த வீட்டுக்கே தெரியும், ஆகவே கருத்தடை முறையை வீட்டுக்கு அனுப்பும் முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும்.


21 ஜூன், காலை 7.05

"என் மனைவிக்கு மருந்துக் கடை மாத்திரையிலேயே கலைந்துவிட்டது, நீங்கள் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்?" என்று நேற்றிரவு ஒருவர் எழுதியிருக்கிறார்.

அவர் மனைவிக்குக் கரு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியாது, ஏனெனில் ஸ்கேன் எடுக்கவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு சிசேரியன்கள் நடந்திருந்தன. கணவர் கடையில் வாங்கிக் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டு, வருகிற ரத்தம் மாத்திரையின் இயல்பான விளைவு என்று எண்ணி வீட்டிலேயே இருந்திருக்கிறார். ஒரு சிறு மருத்துவமனையில் மிச்சத்தைச் சுரண்டி எடுக்க முயன்றபோது ரத்தம் நிற்கவில்லை. எங்களிடம் வந்துசேர்ந்தபோது நாடி கைக்குத் தட்டுப்படவில்லை. உயிர் பிழைத்தார், கர்ப்பப்பை பிழைக்கவில்லை. அவருக்கு மாத்திரைக்கு முன்னால் ஒரே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் போதும். சிசேரியன் தழும்பு உள்ள எந்தப் பெண்ணுக்கும் கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரை கொடுப்பதை நான் எதிர்க்கிறேன், இனியும் எதிர்ப்பேன்.


2 ஜூலை, இரவு 11.00

இழை ஓய்ந்துவிட்டது. இரண்டு மருத்துவ மாணவர்கள் ஸ்கேனில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

கர்ப்பப்பை உள்வெளி காலியாக இருக்கிறதா, கர்ப்பப்பை வாய்க் குழல் காலியாக இருக்கிறதா, கருவுறை முன்சுவரில் தழும்பின் மட்டத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 8 வாரத்துக்கு முன் கருவுறை குழிவின் வடிவத்தை எடுத்து முக்கோணமாகத் தெரியும். கலைந்து கீழே இறங்கிக்கொண்டிருக்கும் சாதாரணக் கருவும் அதே இடத்தில் தங்கி ஏமாற்றும். உள்வழிக் கருவியால் மெதுவாக அழுத்தினால் அது வழுக்கி நகரும், சுற்றிலும் ரத்த ஓட்டம் இருக்காது. தழும்பில் பதிந்தது நகராது. நீள்வெட்டுப் படத்தில் கர்ப்பப்பையின் நடுப்புள்ளிக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பாருங்கள். 5 முதல் 10 வாரத்துக்குள் கருவுறையின் மையம் அந்தக் கோட்டுக்குக் கீழே, வாய்ப்பக்கமாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதே அடையாளம் வாரங்கள் ஏற ஏற மறைந்துவிடுகிறது என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். 11, 12 வாரத்தில் முதல் ஸ்கேனுக்கு வரும்போது கருவுறை உள்வெளியை நிறைத்து, எல்லாம் இயல்பாக இருப்பது போலத் தோன்றும். நம் மாநிலத்தில் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்யச் சொல்கிறோம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் அந்தக் கெடுவே இருக்கிறது. மற்ற கர்ப்பங்களுக்கு அது நல்ல கெடு. முந்தைய சிசேரியன் உள்ள பெண்ணுக்கு அது தாமதம். கிராம சுகாதாரச் செவிலியருடைய பதிவேட்டில் யாருக்கு எப்போது சிசேரியன் நடந்தது என்ற விவரம் முன்பே இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போன செய்தி கிடைத்ததும், 6 அல்லது 7-ஆவது வாரத்தில் ஓர் உள்வழி ஸ்கேனுக்கு அனுப்பும் வழக்கத்தை வட்டார மருத்துவ அலுவலர் அளவிலேயே தொடங்கலாம். புதிய கருவி எதுவும் வேண்டாம். எங்கள் பகுதியில் இரண்டு செவிலியர்கள் இதைத் தாமாகவே செய்யத் தொடங்கியிருக்கிறார்கள், அவர்கள் அனுப்பும் பெண்கள் 7 வாரத்துக்குள் என் அறைக்கு வருகிறார்கள்.


9 ஜூலை, இரவு 10.15

"தங்கைக்கு அடுத்த குழந்தை உண்டா?" என்று அந்தச் சகோதரி கேட்கிறார்.

உண்டு. தழும்புக் கருவுக்குச் சிகிச்சை பெற்ற பலர் பிறகு நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள். மறுபடி தழும்பிலேயே பதியும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவருக்கு அதிகம், ஆகவே அடுத்த முறை நாள் தள்ளிப்போனதும், 6 வாரத்திலேயே, காத்திருக்காமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதற்கு முன், கரு இல்லாத நிலையில், குழிவின் ஆழத்தையும் மிஞ்சிய தசையையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். குழிவு ஆழமாக இருந்தால் கருவுறும் முன்பே அதைச் சரிசெய்வதா என்று பேச நேரம் கிடைக்கும். சிகிச்சை முடிந்து வெளியேறும்போது கொடுத்த சீட்டில் "கருக்கலைப்பு" என்று மட்டும் எழுதியிருக்கிறது என்கிறார். அதைத் திருப்பிக் கொண்டுபோய், எந்த வகைத் தழும்புக் கரு, சுவரின் தடிமன், செய்த சிகிச்சை, தேதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அடுத்த கர்ப்பத்தில் அவரைப் பார்க்கப்போகும் மருத்துவருக்கு அந்த நான்கும் தெரிந்தே ஆக வேண்டும்.